கடலடிச் சேற்றில் ஒரு பிரவாகத்தின் சரித்திரம்

பூமியின் சீதோஷ்ண சரித்திரத்தை ஆராயும் ஸ்தாபனங்கள் ஆண்டுதோறும் வெளியிடும் அறிவிப்புகளில், டாக்டர் பட்டம் பெற்று வெளிவந்த இளைஞர்களுக்கென்று ஓர் ஆராய்ச்சிப் பதவி தவறாமல் இடம்பெறுகிறது. காலவரை பெரும்பாலும் இரண்டு ஆண்டு, மிஞ்சிப்போனால் மூன்று. ஆராய வேண்டிய விஷயமோ, இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன் அட்லாண்டிக் சமுத்திரம் எவ்வாறு ஓடிற்று என்பது. அமெரிக்காவின் உட்ஸ் ஹோலிலும், நியூயார்க்கை அடுத்து ஹட்ஸன் நதியோரத்திலுள்ள லாமண்டிலும், ஜெர்மனியின் பிரெமனிலும் இப்பதவியை வகிப்போர் செய்யும் வேலையைப் பற்றி நம் பத்திரிகைகள் அதிகம் எழுதுவதில்லை. ஆனால் வருங்காலத்து மழையையும் வெயிலையும் குறித்து அரசாங்கங்கள் செய்துகொள்ளும் அனுமானங்களுக்கு அஸ்திவாரமாக நிற்பனவற்றுள் அவர்களுடைய உழைப்பும் ஒன்று என்பதால், அதைச் சற்று விஸ்தாரமாகவே சொல்லத் தோன்றுகிறது.

வெப்ப மண்டலத்தில் சூடேறிய நீர் அட்லாண்டிக்கின் மேற்பரப்பில் வடக்கே சென்று, கிரீன்லாந்தையும் ஐஸ்லாந்தையும் அடுத்த கடல்களில் தன் உஷ்ணத்தைக் காற்றுக்கு ஈந்து, குளிர்ச்சியாலும் உப்பின் மிகுதியாலும் கனத்து, ஆழத்தில் அமிழ்ந்து, மீண்டும் தெற்கு நோக்கித் திரும்புகிறது. வினாடிக்கு ஏறக்குறைய 1 கோடியே 70 லட்சம் கன மீட்டர் நீர் இவ்விதம் புரள்வதை, 2004 முதல் 26.5 பாகை வட அட்சரேகையில் நிறுத்தப்பட்டிருக்கும் கருவிகள் அளந்து வருகின்றன. உருகிய பனிநீர் வடகடலில் மிகுதியாகக் கலந்து உப்பின் செறிவைக் குறைத்தால் மேல்நீர் அமிழாது. அமிழாவிட்டால் தெற்கிலிருந்து உப்புநீர் வந்து சேர்வதும் குறையும். ஒரு குறை மற்றொரு குறையை வளர்க்கும். இத்தகைய பிரவாகத்துக்கு ஒன்றுக்கொன்று மாறான இரு நிலைகள் இருக்கக்கூடும் என்று ஹென்றி ஸ்டாமல் 1961-லேயே கணிதத்தால் காட்டினார். கிரீன்லாந்துப் பனியில் பதிந்திருந்த திடீர்ச் சீதோஷ்ண மாறுதல்களுக்கு இதுவே காரணமாயிருக்கலாம் என்று லாமண்டின் வாலஸ் புரோக்கர் 1980-களில் வாதித்தார். அந்த வாதத்துக்கு வேண்டிய பிரத்தியட்ச சாட்சியம் கடலடியிலிருந்துதான் வரவேண்டியிருந்தது.

நீண்ட எஃகுக் குழாயைக் கப்பலிலிருந்து இறக்கிக் கடலடியில் செலுத்தி எடுத்த சேற்றுத் தூணை நீளவாக்கில் பிளந்து, ஒரு பாதியைக் குளிர் அறையில் பத்திரப்படுத்திவிட்டு, மறுபாதியிலிருந்து சென்டிமீட்டர் கணக்கில் துண்டு வெட்டிச் சல்லடையில் அலசினால், களிமண் கரைந்தோடி வெண்ணிற மணல் ஒரு சிட்டிகை மிஞ்சும். அந்த மணலில் பெரும்பகுதி ஃபொராமினிஃபெரா என்னும் ஒருசெல் உயிர்களின் சுண்ணாம்பு ஓடுகள். கறுப்புத் தட்டில் அவற்றைப் பரப்பி, மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து, நனைத்த மெல்லிய தூரிகையின் நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டெடுத்து, மேற்பரப்பில் மிதந்து வாழ்ந்த இனத்தை வேறாகவும், ஆழ்கடல் தரையிலேயே வாழ்ந்த இனத்தை வேறாகவும் பிரிக்க வேண்டும். ஒரு துண்டுச் சேற்றின் வயதைக் கார்பன் 14 கொண்டு நிர்ணயிப்பதற்கே சில நூறு ஓடுகள் தேவைப்படுவதுண்டு. தரையில் வாழ்ந்த ஓட்டின் கார்பன் ஐசோடோப்பு விகிதம், அந்த ஆழத்தில் நிரம்பியிருந்த நீர் வடக்கிலிருந்து வந்ததா, தெற்கிலிருந்து வந்ததா என்று சொல்லும். அது எத்தனை வேகத்தில் ஓடிற்று என்று சொல்லாது.

வேகத்தை அறிய வேறொரு வழி உண்டு. இத்துறையில் என்னை மிகவும் வியக்கவைப்பது அதுவே. கடல்நீரில் எங்கும் ஏறத்தாழச் சமமாகக் கரைந்திருக்கும் யுரேனியம், தோரியம் 230, புரோட்டாக்டினியம் 231 என்ற இரண்டையும் மாறாத விகிதத்தில் பிறப்பிக்கிறது; அவற்றின் கதிரியக்க அளவில் பின்னது முன்னதில் 0.093 பங்கு. தோரியம் சில பத்தாண்டுகளுக்குள் துகள்களில் ஒட்டிப் பிறந்த இடத்துக்கு அருகிலேயே படிந்துவிடும். புரோட்டாக்டினியம் நூறாண்டுக்கு மேலும் நீரில் தங்கும். ஆகவே பிரவாகம் வலுத்திருக்கும் காலத்தில் புரோட்டாக்டினியத்தில் ஒரு பகுதி வட அட்லாண்டிக்கில் படியாமல் தென்சமுத்திரத்துக்கு அடித்துச் செல்லப்பட, சேற்றிலுள்ள விகிதம் 0.093-க்குக் கீழே நிற்கும். பிரவாகம் நின்றால் அந்த எண்ணை எட்டும். ஆழ்கடல் தரையில் சேறு ஆயிரம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டரே படிவதும், அதையும் புழுக்கள் கிளறிக் கலந்துவிடுவதும் வழக்கம். அடிநீரோட்டங்கள் களிமண்ணைக் கொண்டுவந்து குவிக்கும் பெர்முடா மேட்டிலோ பல மடங்கு தடிப்பாகப் படிகிறது. அங்கே நாலரை கிலோமீட்டர் ஆழத்திலிருந்து எடுத்த தூணை அளந்து மக்மேனஸும் அவருடைய சகாக்களும் 2004-ல் வெளியிட்ட முடிவு இது: சுமார் 17,500 ஆண்டுகளுக்கு முன், வட அமெரிக்கப் பனிப்பாளத்திலிருந்து உடைந்த பனிமலைகள் அட்லாண்டிக்கில் மிதந்து உருகிய காலத்தில், விகிதம் ஏறக்குறைய அந்த எல்லையைத் தொட்டிருந்தது. அதே காலத்தில் ஆசியப் பருவமழை நலிந்திருந்ததைச் சீனாவின் ஹூலு குகையிலுள்ள சுண்ணாம்புப் படிவங்கள் காட்டுகின்றன. அரபிக்கடலின் சேறும் தென்மேற்குப் பருவக்காற்றைப் பற்றி அதையே சொல்கிறது.

முடிவு அத்துடன் ஸ்திரப்பட்டுவிடவில்லை. டயட்டம் என்னும் நுண்பாசிகளின் சிலிக்கா ஓடுகள் புரோட்டாக்டினியத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் இயல்புள்ளவை; ஆகையால் விகிதம் ஏறியது ஓட்டம் குன்றியதாலா, டயட்டம்கள் பெருகியதாலா என்பதை, அதே துண்டிலுள்ள சிலிக்காவையும் அளந்துதான் தெளிய வேண்டும். வேறு இடத்துத் தூண்களை ஆராய்ந்தவர்களில் பலர், பிரவாகம் அடியோடு நின்றுவிடவில்லை, தளர்ந்து ஆழம் குறைந்து ஓடிற்று என்றே கருதுகிறார்கள். நின்றதா, தளர்ந்ததா என்பது அற்ப வித்தியாசமன்று. இன்றைய கடல் எந்த அளவு நன்னீரைத் தாங்கும் என்ற கேள்விக்கு விடை அதைப் பொறுத்தது.

இவ்வழக்கில் ஏதேனும் ஒரு பகுதியே புதிதாகப் பதவியேற்கும் இளைஞர் கையில் ஒப்படைக்கப்படுகிறது. சேற்றுத் துண்டு கேட்டு விண்ணப்பித்து, அது வந்து சேர்ந்து, ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் கரைத்து, தூய அறையில் ரெசின் குழாய்களின் வழியே தோரியத்தையும் புரோட்டாக்டினியத்தையும் பிரித்து, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் முறை வரும்வரை காத்திருந்து, வந்த எண்ணைச் சந்தேகித்து மறுபடியும் அளந்து நிச்சயப்படுத்துவதற்குள் பதவிக்காலத்தில் பாதி கரைந்துவிடும்; மீதிப் பாதியில் அடுத்த பதவிக்கு, பல சமயம் அடுத்த தேசத்தில், மனுப்போட வேண்டும். குடும்பப் பொறுப்பை ஏற்கும் பருவத்தில் ஊர் ஊராகப் பெயர்ந்து திரிவதன் சிரமம் ஒருபுறமிருக்க, அரும்பாடுபட்டுப் பழகிய கை தேர்ச்சியடையும் தறுவாயிலேயே அந்த ஆய்வுக்கூடத்தைவிட்டு அகல நேர்வது விஞ்ஞானத்துக்கே பெருநஷ்டம்.

இந்நூற்றாண்டில் அட்லாண்டிக் பிரவாகம் தளர்வது பெரும்பாலும் உறுதி என்றும், 2100-க்கு முன் அது திடீரென்று நிலைகுலையாது என்பதில் நடுத்தர நம்பிக்கையே உண்டு என்றும் பருவநிலை மாற்றத்துக்கான சர்வதேசக் குழு 2021-ல் அறிவித்தது. அந்த நம்பிக்கையைக் கூட்டவோ குறைக்கவோ இருபது ஆண்டுக் கருவிப் பதிவு மட்டும் போதாது. பழைய சேற்றையும் கேட்க வேண்டும். 1985 முதல் உலகக் கடல்களின் அடித்தளத்தைத் துளையிட்டுவந்த ஜாய்டஸ் ரெஸல்யூஷன் கப்பல் 2024-ல் அப்பணியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டதால், பிரெமனிலும் டெக்ஸஸிலும் ஜப்பானின் கோச்சியிலும் ஏற்கெனவே அடுக்கி வைத்திருக்கும் தூண்களின் மதிப்பு முன்னிலும் உயர்ந்திருக்கிறது. அவற்றை அளக்கத் தேர்ந்த இளைஞர்களை ஐந்தாண்டேனும் ஓரிடத்தில் இருத்தி வேலைசெய்ய விடுவதற்கு ஆகும் பணம், அத்தகைய கப்பல் ஒன்றைக் கடலில் நடத்தும் செலவில் மிகச் சிறிய பகுதியே.