ஐபிஎம் பிசி ஏடி கணினியில் வன்பொருள் அமைப்பைப் பதிதல்

1984ஆம் ஆண்டு ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட பிசி ஏடி கணினிக்கு, தன்னுள் எந்த வன்தட்டு பொருத்தப்பட்டிருக்கிறது என்பது தானாகத் தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும். 1981இல் வந்த முதல் பிசியில் இதற்காகத் தாய்ப்பலகையில் குட்டிக் குட்டி சுவிட்சுகள் இருந்தன. ஏடியில் அந்த வேலை பெரும்பாலும் ஒரு சில்லுக்கு மாறியது.

மோட்டோரோலாவின் எம்சி146818 என்னும் அச்சில்லில் மொத்தம் 64 பைட் இடம். 14 பைட் கடிகாரத்துக்கு. மீதியில் வன்பொருள் விவரங்கள். வகுப்பாசிரியரின் வருகைப் பதிவேடு போன்றது இது. கணினியை இயக்கியதும் பதிவேட்டையும் உள்ளே இருப்பதையும் ஒப்பிட்டுப் பார்க்கும். மின்சாரம் இல்லாதபோது 6 வோல்ட் லித்தியம் பேட்டரி ஒன்று பதிவேட்டைக் காக்கிறது. பேட்டரி தீர்ந்தால் திரையில் 161 என்ற எண் தோன்றும். நேரம் பதியப்படாவிட்டால் 163, நினைவக அளவு பொருந்தாவிட்டால் 164.

இன்றைய கணினிகளில் ஏதோ ஒரு விசையை அழுத்தி அமைப்புத் திரைக்குப் போகிறோம். ஏடியில் அந்த வசதி இல்லை. உடன் வந்த டயக்னாஸ்டிக்ஸ் நெகிழ்வட்டைச் செருகி இயக்கி, அதிலுள்ள செட்டப் பகுதிக்குச் செல்ல வேண்டும். தேதி, நேரம், நெகிழ்வட்டு இயக்கியின் வகை, நினைவக அளவு ஆகியவற்றை அது கேட்கும். இவற்றில் தவறினாலும் பின்னர் திருத்திக்கொள்ளலாம்.

கவனம் வேண்டியது வன்தட்டின் வகை எண்ணில்தான். உருளைகள், தலைகள் என்று அளவுகளை நாமே தட்டச்சு செய்ய முடியாது. பயாஸில் உள்ள அட்டவணையிலிருந்து ஓர் எண்ணை மட்டுமே தர முடியும். வகை 2 என்றால் 615 உருளைகள், 4 தலைகள். ஒவ்வொரு தடத்திலும் 17 பிரிவுகள், பிரிவுக்கு 512 பைட். பெருக்கினால் 2,14,11,840 பைட். அதாவது ஏறத்தாழ 20 மெகாபைட்.

எண் தவறானால் கணினி கோப்புகளை வேறு இடத்தில் தேடும். வட்டு கெட்டுவிட்டது என்றே தோன்றும். அவசரப்பட்டு ஃபார்மட் செய்துவிடுவதுதான் பெரிய இழப்பு. எதையும் எழுதாமல் சரியான எண்ணைக் கொடுத்துவிட்டால், பெரும்பாலும் கோப்புகள் இருந்தபடியே கிடைக்கும்.

எனவே பேட்டரியைக் கழற்றும் முன் செட்டப்பில் உள்ள எண்ணைத் தாளில் எழுதி, பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டி வையுங்கள். என் வழக்கம், தேதியையும் சேர்த்து எழுதுவது. அடுத்த பேட்டரி எப்போது மாற்ற வேண்டும் என்பதற்கும் அது உதவும்.