புது மாடல் வரும்வரை காத்திருக்கலாமா? மின்சாரக் குடும்பக் கார் வாங்கும் பெற்றோருக்கு

குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வந்து விழும் படம் இது: பளபளவென்று ஒரு மின்சார எஸ்யூவி, கீழே "அடுத்த வருஷ மாடல் இப்படித்தான் இருக்குமாம்" என்று ஒரு வரி. உடனே ஒரு மாமா, "அவசரப்படாதே, புதுசு வரட்டும்" என்பார். ஒரு மச்சான், "இப்ப ஆஃபர் ஓடுது, விட்டா போச்சு" என்பார். வீட்டுக்கு அடுத்தபடியாக நம்மில் பலர் பெரிய தொகை போடுவது காரில்தான். அதனால் யார் பேச்சைக் கேட்பது என்பது சின்ன விஷயம் இல்லை.

ஒன்றை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அப்படிச் சுற்றும் படங்களில் பல, கம்பெனி வெளியிட்டவையே அல்ல. மறைப்பு ஒட்டி ஓடும் சோதனைக் காரைப் பார்த்து யாரோ கணினியில் வரைந்த கற்பனை. முன் விளக்கு எப்படி இருக்கும் என்று ஊகிப்பதால் நமக்கு ஒரு லாபமும் இல்லை. ஆனால் எது மாறும், எது மாறாது என்பதை ஓரளவு கணிக்கலாம். கடந்த சில வருஷங்களில் நடந்ததைப் பார்த்தாலே போதும்.

ஜூனிப்பர் சொன்ன பாடம்

டெஸ்லா மாடல் ஒய் முதலில் 2020 மார்ச்சில் வாடிக்கையாளர் கைக்கு வந்தது. 'ஜூனிப்பர்' என்ற பெயரில் அதன் புது வடிவம் வருகிறது என்ற பேச்சு 2023-லேயே கிளம்பிவிட்டது. 2024 ஜூனில் ஈலான் மஸ்க்கே "இந்த வருஷம் வராது" என்று சொல்ல வேண்டியதாயிற்று. கடைசியில் 2025 ஜனவரியில்தான் வந்தது. முதல் வதந்தியை நம்பிக் காத்திருந்த வீட்டில், அப்போது கைக்குழந்தையாக இருந்தது இப்போது ஓடி விளையாடிக்கொண்டிருக்கும்.

சரி, வந்ததில் என்ன மாறியிருந்தது? முன்னும் பின்னும் நீளமான விளக்குப் பட்டை, சத்தம் குறைந்த உட்புறம், காற்றோட்டம் உள்ள முன் சீட்டுகள், பின் சீட்டுக்காரர்களுக்கு 8 அங்குலத் திரை. மாடல் 3-ல் இண்டிகேட்டர் லீவரை எடுத்துவிட்டதால் இதிலும் போய்விடும் என்று பலர் அடித்துச் சொன்னார்கள். அது இருந்த இடத்திலேயே இருந்தது. பின் சீட்டு இடமும் பெரிதாக மாறவில்லை.

கூடுதல் இடம் வந்தது வேறொரு காரில். 2025 ஆகஸ்டில் சீனாவில் 'மாடல் ஒய் எல்' என்ற ஆறு சீட்டு வண்டியை வெளியிட்டார்கள். அதில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரம் 150 மில்லிமீட்டர் அதிகம். முகத்தை மட்டும் திருத்திய கார் இல்லை அது, உடம்பையே நீட்டிய கார்.

இதுதான் விஷயம். இடையில் வரும் 'ஃபேஸ்லிஃப்ட்'டில் பம்பர், விளக்கு, சீட்டுத் துணி, திரை எல்லாம் மாறலாம். தரை, கூரை, கதவுத் திறப்பு, சக்கர இடைவெளி ஆகியவை பொதுவாக மாறாது. அவற்றைத் தொட்டால் அச்சு முதல் மோதல் சோதனை வரை எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டும். செலவு கட்டாது.

ஆகவே மூன்று பிள்ளைகளின் கார் சீட்டுகள் பக்கத்துப் பக்கத்தில் பொருந்தவில்லை என்றால், அடுத்த ஃபேஸ்லிஃப்ட்டிலும் அவை பொருந்தப்போவதில்லை. ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வரும் அம்மம்மாவுக்கு ஏறி இறங்கக் கஷ்டம் என்றால் அதுவும் மாறாது. மின்கார்களில் பேட்டரி தரைக்கு அடியில் இருப்பதால் சில கார்களில் தரை சற்று மேலே வந்துவிடும். பின் சீட்டில் உட்கார்ந்தால் முழங்கால் தூக்கிக்கொண்டு நிற்கும். ஐந்து நிமிஷ ஓட்டத்தில் இது தெரியாது, இரண்டு மணி நேரப் பயணத்தில் வயதானவர்களுக்குத் தெரியும். டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது பெரியவர்களையும் கார் சீட்டுகளையும் கூட்டிக்கொண்டே போங்கள். மூன்று வரிசை கட்டாயம் வேண்டும் என்றால் கியா ஈவி9, ஹூண்டாய் அயோனிக் 9, வோல்வோ இஎக்ஸ்90 போல ஆரம்பத்திலேயே அப்படி வடிவமைத்த கார்களைப் பாருங்கள்.

காத்திருந்தால் தீரும் குறைகள்

அப்போ காத்திருப்பதே வீணா? அப்படியும் இல்லை. ஹூண்டாய் அயோனிக் 5 2021-ல் வந்தபோது பின் கண்ணாடிக்கு வைப்பரே கிடையாது. மழையும் பனிச்சேறும் உள்ள ஊர்க்காரர்கள் புலம்பித் தீர்த்தார்கள். 2024 திருத்தத்தில் வைப்பர் வந்தது. பெரிய பேட்டரி 77.4 கிலோவாட் மணியிலிருந்து 84 ஆனது. சீட்டுச் சூட்டுக்குத் தனிப் பொத்தான் வந்தது. அமெரிக்காவில் 2025 மாடலில் டெஸ்லா வகைச் சார்ஜிங் துவாரமும் வந்தது. நிறையப் பேர் ஒரே குறையைச் சொன்னால் கம்பெனி அடுத்த திருத்தத்தில் அதைக் கவனிக்க வாய்ப்பு அதிகம்.

வோல்வோ இஎக்ஸ்90 இன்னொரு உதாரணம். முதலில் 400 வோல்ட் அமைப்பு, 2026 மாடலில் 800 வோல்ட். முன்பே வாங்கியவர்களுக்குப் புதுக் கணினியை இலவசமாக மாற்றித் தருவதாகக் கம்பெனி சொன்னது. ஆனால் 800 வோல்ட்டை சாஃப்ட்வேர் அப்டேட்டில் அனுப்ப முடியாதே! எனவே "பிறகு அப்டேட்டில் வரும்" என்று விற்பனையாளர் சொன்னால், அது சாஃப்ட்வேரா, இரும்பும் கம்பியுமா என்று கேளுங்கள். இரவில் வீட்டிலேயே சார்ஜ் போடுபவர்களுக்கு நெடுஞ்சாலையில் மிச்சமாகும் பத்து நிமிஷம் பெரிய விஷயமில்லை. அடுக்குமாடியில் இருந்துகொண்டு வெளிச் சார்ஜரையே நம்பியிருப்பவர்களுக்கு அது வாராவாரம் வரும் விஷயம்.

கதவு: இதற்காக மட்டும் காத்திருக்காதீர்கள்

அடுத்த தலைமுறை மின்கார்களில் மாறப்போவது எது என்று கேட்டால், தயங்காமல் சொல்லக்கூடிய ஒன்று கதவுக் கைப்பிடி. 2025 செப்டம்பரில் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு, 2021 மாடல் ஒய் கார்களின் மின்கதவுகள் பற்றி விசாரணை தொடங்கியது. பிள்ளையைப் பின் சீட்டில் உட்காரவைக்கவோ இறக்கவோ வெளியே வந்த பெற்றோர், மறுபடி கதவைத் திறக்க முடியாமல் நின்றதாகப் புகார்கள். சிலர் கண்ணாடியை உடைத்துத்தான் பிள்ளையை எடுத்தார்கள். கைப்பிடியைத் திருத்தி வடிவமைப்பதாக டெஸ்லாவின் வடிவமைப்புத் தலைவரும் அதே மாதம் சொன்னார். சீனாவிலோ 2027 ஜனவரி முதல் புதிதாக அனுமதி பெறும் கார்களின் கதவுகள் மின்சாரம் இல்லாவிட்டாலும் திறக்க வேண்டும் என்று விதியே வந்துவிட்டது. ஐரோப்பாவின் யூரோ என்கேப் 2026 முதல் இண்டிகேட்டர், வைப்பர், ஹார்ன் போன்றவற்றைத் திரைக்குள் ஒளிக்காமல் தனிப் பொத்தானாகவோ லீவராகவோ வைப்பதைத் தன் மதிப்பீட்டில் சேர்த்திருக்கிறது. விதி வந்தால் வடிவம் மாறும். வாட்ஸ்அப் படத்தைவிட இது உறுதியான ஜோசியம்.

ஆனால் உங்கள் வாசலில் இன்று நிற்கும் காருக்கு அந்த மாற்றம் வராது. மின்கதவு ஓடுவது தரையடியில் உள்ள பெரிய பேட்டரியில் இல்லை, தனியாக உள்ள சின்ன பேட்டரியில். அது செத்தால் கதவும் செத்தது. ஆகவே இந்த வார இறுதியில் ஒரு வேலை செய்யுங்கள். கையேட்டை எடுத்து, பின் கதவைக் கையால் திறக்கும் இழுப்பு எங்கே என்று பாருங்கள். சில கார்களில் சின்ன மூடிக்குள் ஒளிந்திருக்கும், சிலவற்றில் பின் கதவுக்கு இல்லவே இல்லை. விவரம் தெரிந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு தடவை செய்து காட்டுங்கள். குழந்தையை உட்காரவைத்துவிட்டு நீங்கள் ஏறும்வரை ஒரு கதவைத் திறந்தே வைத்திருங்கள். சின்ன பேட்டரி பலவீனம் என்று எச்சரிக்கை வந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

முடிவு எடுக்க

காத்திருப்பதற்கும் விலை உண்டு. அமெரிக்காவில் புது மின்காருக்கு இருந்த 7,500 டாலர் வரிச்சலுகை 2025 செப்டம்பர் 30-உடன் முடிந்தது. புது மாடலுக்காக அதைத் தாண்டிக் காத்திருந்தவர்கள் அந்தப் பணத்தை இழந்தார்கள். மறுபக்கம், புது மாடல் வந்ததும் கையிருப்பில் உள்ள பழசின் விலையைக் குறைப்பது வழக்கம். உங்கள் தேவைக்குப் பழசே போதும் என்றால் அதுதான் நல்ல நேரம்.

தாளில் இரண்டு பட்டியல் எழுதுங்கள். இந்தக் காரில் உங்களுக்கு இடிக்கும் விஷயங்களில் இடம், உயரம், சீட்டு சம்பந்தப்பட்டவை ஒரு பக்கம். பொத்தான், பேட்டரி, சார்ஜிங் சம்பந்தப்பட்டவை மறுபக்கம். முதல் பக்கம் நீளமாக இருந்தால் வேறு காரைப் பாருங்கள். இரண்டாவது பக்கம் நீளமாக இருந்து, ஓடுகிற காரும் இன்னும் தாங்கும் என்றால், காத்திருங்கள். இரண்டிலும் எழுத ஒன்றுமில்லையா? போய் வாங்கிவிடுங்கள், மாமா என்ன சொன்னாலும்.