உங்களுக்குத் தெரியுமா? புரட்சிச் சதுக்கத்தில் ரெகே

ஜமைக்காவில் தோன்றிய ரஸ்தாபாரி சமயத்தினர் தெய்வமாகப் போற்றும் எத்தியோப்பியப் பேரரசர் ஹைலி செலாசியை 1974-ல் கவிழ்த்த ராணுவ ஆட்சி, அடிஸ் அபாபாவின் மெஸ்கெல் சதுக்கத்துக்குப் 'புரட்சிச் சதுக்கம்' என்று பெயர் மாற்றி அங்கே அணிவகுப்புகள் நடத்தியது. அதே இடத்தில்தான் 2005 பிப்ரவரி 6 அன்று ஜமைக்க ரெகே பாடகர் பாப் மார்லியின் 60-வது பிறந்தநாள் விழா நடந்தது. ஆண்டுதோறும் நடக்கும் அவ்விழா ஜமைக்காவுக்கு வெளியே நடந்தது அதுவே முதல்முறை.

ரெகே பாடல்கள் பேசும் ஆப்பிரிக்க வேர் வெறும் கரீபியக் கனவு என்பார்கள் சிலர். எத்தியோப்பியர்களில் பெரும்பாலோர் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் அல்லது முஸ்லிம்கள். செலாசி அவர்களுக்கு அரசர்தான், கடவுள் அல்ல. உண்மைதான். ஆனால் நம்பிக்கை ஒத்துப்போகாததால் உறவே பொய்யென்று ஆகிவிடாது. இத்தாலியப் படையெடுப்பின்போது தமக்குத் துணைநின்ற உலகக் கறுப்பின மக்களுக்கென ஷஷமனே ஊரில் செலாசி நிலம் ஒதுக்கினார். ஜமைக்கர்கள் வந்து குடியேறினார்கள். 1978-ல் மார்லியே அங்கு போனார், அதுவும் செலாசியைக் கவிழ்த்தவர்களின் ஆட்சியிலேயே!

இந்த உறவு ஒருவழிப் பயணமும் அல்ல; ஆப்பிரிக்காவும் ரெகேயை அழைத்தது. 1980 ஏப்ரலில் ஜிம்பாப்வேயின் விடுதலை விழாவுக்கு அழைப்பு வந்ததும், மார்லி தன் செலவிலேயே ஒலிக்கருவிகளைக் கொண்டுபோனார். அரங்குக்கு வெளியே நின்ற கூட்டம் முட்டிமோத, போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது. மறுநாள் பொதுமக்களுக்காக இன்னொரு முறை பாடினார்.