பிள்ளைகளின் மூட்டு நோய்: இரத்தம் சொல்வதும் சொல்லாததும்

சிறு பிள்ளைகளுக்கும் மூட்டுவாதம் வரும் என்றால் நம் திருகோணமலைப் பக்கத்தில் பலர் நம்புவதில்லை. "அது வயசு போனாக்களுக்கு வாற வருத்தம்" என்பார்கள். 16 வயதுக்கு முன் தொடங்கி, 6 வாரமாவது நீடித்து, வேறு காரணம் பிடிபடாத மூட்டழற்சியை வைத்தியர்கள் சிறுவர் மூட்டழற்சி என்று தனியாக வகுத்திருக்கிறார்கள். சுபஹுக்கு எழும்பும் பிள்ளை முழங்கால் மடியாமல் ஸுஜூதுக்குச் சிரமப்பட்டு, ளுஹர் நேரத்தில் ஓடி விளையாடினால் அது நடிப்பல்ல; இந்த நோயின் காலை விறைப்பாக இருக்கலாம்.

பெற்றோர் அதிகம் மயங்குவது இரத்தப் பரிசோதனையில்தான். என் வகுப்புப் பிள்ளையொன்றின் வாப்பா, "ரிப்போட் நோர்மல் சேர், மருந்த நிப்பாட்டினா என்ன?" என்று கேட்டார். அவர் கையில் இருந்தவை ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும். என்பின் நுனியை மூடியிருக்கும் கசியிழையம் (தமிழ்நாட்டார் குருத்தெலும்பு என்பர்) தேய்ந்ததா என்று காட்டாது. ஒரு முழங்கால் மட்டும் வீங்கிய பிள்ளைக்கு இவை நோர்மலாகவே இருக்கலாம்.

அப்படியானால் கசியிழையம் சிதைவதையே அளக்க முடியாதா? அதற்குள் இரத்தக் குழாய் இல்லை. ஆனாலும் சிதையும்போது அதன் துணுக்குகள் மூட்டு நீரில் கலந்து, இரத்தத்துக்கும் சிறுநீருக்கும் வந்து சேரும். 1992இல் சுவீடன் ஆய்வாளர்கள் விவரித்த 'கொம்ப்' என்ற புரதத்தை இரத்தத்தில் அளக்கிறார்கள். கொலாஜன் துணுக்கான 'சி.ரி.எக்ஸ்.-2'ஐச் சிறுநீரில். வளர்ந்தவர்களில் இவை கூடினால் சேதம் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

பிள்ளைகளில்தான் சிக்கல். வளரும் என்பின் நுனிக்கருகே கசியிழையத் தட்டு ஒன்று உண்டு. அது புதிதாக உண்டாகி, பின் என்பாக மாறுவதால்தான் உயரம் கூடுகிறது. அந்த வேலையிலும் இதே துணுக்குகள் சிந்தும். கரையில் மர வள்ளம் வேலை செய்யும் இடத்தைப் பாருங்கள்: புதிது கட்டினாலும் சிராய் விழும், பழையதை உடைத்தாலும் விழும். சிராயை மட்டும் எண்ணி எது நடக்குது என்று சொல்ல ஏலாது. சுகமான பிள்ளையிலேயே சி.ரி.எக்ஸ்.-2 பெரியவர்களைவிடப் பல மடங்கு. மாறாக, கடும் அழற்சியோ ஸ்டீரொயிட்டோ வளர்ச்சியைத் தடுத்தால், மூட்டு கெட்டுக்கொண்டிருக்கையிலேயே எண் இறங்கவும் கூடும்; நோயுள்ள பிள்ளைகளில் கொம்ப் குறைந்திருக்கக் கண்ட ஆய்வுகள் உண்டு.

ஆகவே இவை இன்னும் ஆய்வாளரின் கருவிகள்தான். எக்ஸ்றேயிலும் கசியிழையம் தெரியாது. வைத்தியர் மூட்டை மடக்கிப் பார்ப்பதும், தேவையானால் ஸ்கேனும் எம்.ஆர்.ஐ.யும்தான் வழி. ரிப்போட் நோர்மலாக வந்தது மருந்து வேலை செய்வதாலும் இருக்கலாம் என்று அந்த வாப்பாவுக்குச் சொன்னேன். கிழமைக்கு ஒருதரம் எழுதிக் கொடுத்த மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் கொடுத்துவிட வேண்டாம், அது ஆபத்து என்றும். இன்னொன்று: இந்த நோய் சில பிள்ளைகளின் கண்ணுக்குள், சிவப்போ வலியோ இல்லாமல் அழற்சியை உண்டாக்கும். அதை எந்த இரத்தப் பரிசோதனையும் நிச்சயமாகச் சொல்லாது. கண் கிளினிக் திகதியைத் தவற விடாதீங்க.