நந்தா விளக்கும் நிரலும்

திருவண்ணாமலைக் கோயிற் சுவர்களில் சோழர் காலந்தொட்டுப் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் பல உள. சோழர் காலக் கல்வெட்டுகள் மிகுதியாகக் கூறும் அறங்களுள் ஒன்று நந்தா விளக்கு. விளக்கொன்றுக்கு 96 ஆடுகள் விடுவது பெருவழக்கு, சிலவிடத்து 90. அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளத்தல் வேண்டும்.

இக்கணக்கைக் கணிப்பொறிக்கு உணர்த்துவது எங்ஙனம்? பொறிக்கு இடும் கட்டளைத் தொடரை நிரல் என்பர். நிரலெழுதக் கற்றல் மட்டும் போதாது. எத்தொழிலுக்காக எழுதுகிறோமோ அதன் நடைமுறையையும் அறிதல் வேண்டும். ஈரோட்டிற் பிறந்த பேராசிரியர் வி. இராசாராமன் தலைமையிலான குழு 1980-களின் தொடக்கத்தில் எம்.சி.ஏ. என்னும் பட்டப்படிப்புக்கு வழிகோலியது. அப்படிப்பில் நிரலாக்கத்தோடு கணக்கியலும் மேலாண்மையும் இடம்பெற்றன.

அத்தகைய மாணவர் ஒருவர் விளக்குக் கணக்கை எடுத்துக்கொண்டால், கொடுத்தவர், பெற்றவர், ஆட்டுத்தொகை, நெய்யளவு எனப் பட்டியல் வகுப்பார். ஆண்டுக்கு 365 உழக்கு. அஃதாவது 91 நாழி 1 உழக்கு. இதனைப் பொறி நொடியிற் கூறிவிடும். ஆனால் ஆடொன்று இறந்தால் நெய் குறையுமா? பொறி தானே ஊகித்தறியாது. இவ்வினாவை மறந்த நிரல் ஆண்டுதோறும் நெய்யைக் குறைத்துக் குறைத்து, இறுதியில் விளக்கையே அணைத்துவிடும்!

கல்வெட்டெழுதியோர் இதனை மறந்தாரல்லர். 'சாவா மூவாப் பேராடு' என்று வெட்டிவைத்தனர். ஆடுகள் இறவா என்பதன்று பொருள். குட்டிகள் பிறந்து மந்தை நிரம்புமாதலின் தொகை குறைந்ததாகக் கொள்ளலாகாது என்பதே. அறம் முடியும் நாளோ, சந்திர சூரியர் உள்ளவரை. அந்தக் கட்டத்தை மாணவர் வெறுமையாகவே விடல் வேண்டும்.