பாடுபட்ட சுரூபம்

சிலுவை வேறு, பாடுபட்ட சுரூபம் வேறு. வெறும் குறுக்கு மரம் சிலுவை. அதில் அறையுண்ட இயேசுவின் உருவமும் சேர்ந்திருந்தால் தமிழ்க் கத்தோலிக்கர் அதைப் பாடுபட்ட சுரூபம் என்பர். இவ்வுருவத்தை உற்று நோக்குவதையே தவமாகக் கொண்ட ஞானியர் பலர் இடைக்கால ஐரோப்பாவில் வாழ்ந்தனர். துன்புறும் உருவத்தில் அவர்கள் கண்டது என்ன?

முதலில் உருவத்தின் வரலாற்றைக் காண்போம். 12-ஆம் நூற்றாண்டு இத்தாலியச் சிலுவை ஓவியங்களில் இயேசு பெரும்பாலும் கண்களை அகலத் திறந்து நிமிர்ந்து நிற்கிறார். மரணத்தை வென்ற மன்னர் அவர். 1205-ஆம் ஆண்டளவில் அசிசி நகரத்துப் பிரான்சிஸ் சான் தாமியானோ ஆலயத்தில் வணங்கிய சிலுவையும் இவ்வகையதே. 1224-இல் லா வெர்னா மலையில் இயேசுவின் ஐந்து காயங்களும் பிரான்சிஸ் உடலில் தோன்றின என்று அவர் சபையார் எழுதிவைத்தனர். பாடுபட்ட இயேசுவின் மனிதத் தன்மையை அச்சபையார் ஊர்தோறும் போதித்தனர். அந்நூற்றாண்டிலேயே ஓவியமும் மாறிற்று. கண்கள் மூடின, தலை சாய்ந்தது, உடல் வளைந்து தொங்கிற்று. கொலோன் பேராலயத்தில் 10-ஆம் நூற்றாண்டிலேயே இத்தகைய மரச்சிற்பம் உண்டு; எனினும் இத்தாலியில் இவ்வுருவம் பரவியது 13-ஆம் நூற்றாண்டில்தான். மன்னரை வணங்கிய பக்தர்கள் இப்போது துன்புறுபவரோடு தாமும் துன்புறக் கற்றனர்.

இந்நெறியில் என்னை மிகவும் கவர்ந்தவர் இங்கிலாந்தின் நாரிச் நகரத்து ஜூலியன் அம்மையார். 1373 மே மாதம், முப்பதாம் வயதில், அவர் சாகுந்தறுவாயில் கிடந்தார். குருவானவர் ஒரு பாடுபட்ட சுரூபத்தை அவர் கண்முன் பிடித்தார். முள்முடியின் கீழிருந்து குருதி வழியக் கண்டார் அம்மையார். தொடர்ந்து பதினாறு காட்சிகள் தோன்றின. இடையே, பார்வையை உயர்த்தி வானகத்தை நோக்குமாறு உள்ளத்தில் ஒரு குரல் எழுந்தது. அவர் இணங்கவில்லை, சிலுவையில் இருப்பவரே தமக்கு வானகம் எனத் துணிந்தார்.

நோயின் வேகத்தில் எழுந்த பிரமை என்று அறிவியல் மாணவனாகிய நான் இதை எளிதில் தள்ளிவிடலாம். ஆனால் அவ்வையத்தை முதலில் எழுப்பியவர் அம்மையாரே! நலம் கேட்க வந்த துறவியிடம் தாம் பிதற்றியதாகவே சொன்னார். துறவியோ அதைப் பெரிதாக மதித்தார்; அதுகண்டு அம்மையார் நாணினார். பிழைத்தெழுந்தபின் கண்டவற்றைச் சுருக்கமாக எழுதினார்; பிறகு ஆண்டுக்கணக்கில் சிந்தித்து விரிவாக எழுதினார். ஒரு காட்சியின் பொருள் தெளிய ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன என்று அவரே குறிக்கிறார். பெண் ஒருவர் எழுதியதாக அறியப்படும் ஆங்கில நூல்களுள் இன்று கிடைப்பவற்றில் பழமையானது அவருடையதே.

கொள்ளைநோயைக் கடவுளின் சினம் என்று பலரும் நடுங்கிய காலம் அது. ஜூலியன் கண்ட முடிவோ வேறு: கடவுளிடம் சினமே இல்லை; கண்ட காட்சிகள் அனைத்திற்கும் பொருள் அன்பே.

காட்சி எவ்வாறு தோன்றிற்று என்பதை மருத்துவம் விளக்கக்கூடும். துன்பத்தைக் கண்டு முகம் திருப்பாமல், அதன் பொருள் விளங்கும்வரை இருபதாண்டு பொறுத்திருந்த நெஞ்சுறுதியை நாம்தான் எண்ணிப் பார்க்க வேண்டும். நண்பர்களே, இனி எங்கேனும் ஒரு பழைய பாடுபட்ட சுரூபத்தைக் காண நேர்ந்தால், முதலில் அதன் கண்களைப் பாருங்கள்.