கட்டுநாயக்கவிலிருந்து ஜித்தா வரை

உம்ராவுக்குப் புறப்படுவோர் வழமையாகக் கேட்கும் கேள்வி, "எத்தனை மணித்தியாலப் பயணம்?" என்பதாகும். எங்கள் உம்மும்மாவும் அதையே கேட்டார். "ஆறு மணித்தியாலம்" என்று ஒரே பதிலில் முடித்துவிடலாம். ஆனால் நோன்பும் இஹ்ராமும் அந்த ஆறு மணித்தியாலத்துக்குள் வருவதால், அதைச் சற்று விளங்கிக்கொள்வது நல்லது என்று கருதுகிறேன்.

கட்டுநாயக்கவுக்கும் ஜித்தாவுக்கும் இடையிலான மிகக் குறுகிய வான்வழித் தூரம் ஏறக்குறைய 4,650 கிலோமீற்றர் ஆகும். விமானம் மணிக்குச் சுமார் 850 கிலோமீற்றர் வேகத்தில் பறந்தால் ஐந்தரை மணித்தியாலம் போதும். எனினும் மேலெழுவதற்கும் தரையிறங்குவதற்கும் வேகம் குறைகிறது. விமானப் பாதையும் முற்றிலும் நேராக அமைவதில்லை. எனவே ஏறக்குறைய ஆறு மணித்தியாலம் ஆகிறது.

திரும்பி வரும் பயணம் பெரும்பாலும் இதைவிடக் குறுகியது. பூமி சுழல்வதே இதற்குக் காரணம் எனச் சிலர் நினைக்கின்றனர். ஆனால் பூமியுடன் வளிமண்டலமும் சேர்ந்தே சுழல்கிறது. உண்மையான காரணம், உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் காற்றாகும். குளிர்கால மாதங்களில் இது பலமாக வீசி, நாடு திரும்பும் விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளுகிறது.

அடுத்தது கடிகாரம். இலங்கை நேரம் 82.5 பாகைக் கிழக்கு நெடுங்கோட்டையும், சவூதி நேரம் 45 பாகைக் கிழக்கு நெடுங்கோட்டையும் அடிப்படையாகக் கொண்டவை. 15 பாகைக்கு ஒரு மணித்தியாலம் என்பதால் வித்தியாசம் இரண்டரை மணித்தியாலம். நண்பகல் 12 மணிக்குப் புறப்பட்டால், ஜித்தாவில் இறங்கும்போது நமது கைக்கடிகாரம் மாலை 6 மணியைக் காட்டும். அங்கோ பிற்பகல் 3.30 மணிதான்.

ரமழானில் இதன் முக்கியத்துவம் புரியும். இங்கே மஃரிபை எதிர்பார்க்கும் வேளையில் அங்கே அஸருடைய நேரமாக இருக்கும். மேற்கு நோக்கிப் பறப்பவருக்குச் சூரியன் தாமதமாகவே மறையும். நோன்பு ஏறக்குறைய இரண்டரை மணித்தியாலம் நீளும். நோன்பு திறப்பது நாம் இருக்கும் இடத்தில் சூரியன் மறைந்த பின்னரே அன்றி, ஊர்க் கடிகாரத்தைப் பார்த்தல்ல. நீரிழிவு நோயுள்ள பெரியவர்கள் பயணத்துக்கு முன் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பிரயாணிக்கு நோன்பை விட்டுப் பின்னர் கழாச் செய்யும் சலுகையும் மார்க்கத்தில் உண்டு.

இன்னொன்று மீக்காத். உம்ராச் செய்பவர் அந்த எல்லையைக் கடக்குமுன் இஹ்ராமுக்கு நிய்யத் வைக்க வேண்டும். ஜித்தா அவ்வெல்லைக்கு உள்ளே இருப்பதாகவே பெரும்பாலான உலமாக்கள் கூறுவதால், நிய்யத் விமானத்திலேயே அமைய வேண்டும். 850 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் விமானம் ஒரு நிமிடத்தில் 14 கிலோமீற்றர் கடந்துவிடும். ஐந்து நிமிடம் கண்ணயர்ந்தால் 70 கிலோமீற்றர்! ஆண்களுக்கு இஹ்ராம் உடையே நினைவூட்டும். பெண்களுக்குத் தனி உடை இல்லாததால் நாமே கவனமாக இருக்க வேண்டும்.

ஆகவே வீட்டுப் பெரியவர்கள் பயணம் புறப்படும்போது, இறங்கும் நேரம் எந்த நாட்டு நேரம் என்பதையும், மீக்காத் அறிவிப்புக்கு விழித்திருக்க வேண்டும் என்பதையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். நாம் படிக்கும் புவியியல் அவர்களது இபாதத்துக்கு உதவட்டும்.